குளமும் காடும் சேர்ந்த இடத்தை நகராட்சி திறக்கப் போகிறது: வரைவுத் திட்டத்தில் எதைக் கேட்பது?

நாணல்புதர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பை ஒட்டி ஏறத்தாழ 12 ஹெக்டேர் பரப்பில் ஓர் இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் செங்கல்லுக்காக மண் வெட்டிய பள்ளங்களில் நீர் நின்று குளமாகி, கரையெங்கும் நாணலும் சம்பங்கோரையும் மண்டி, மேட்டுப் பகுதியில் யாரும் நடாமலேயே மரங்கள் எழும்பி நிற்கின்றன. வேலி பல இடங்களில் அறுந்து கிடப்பதால் அந்த இடைவெளிகளின் வழியாகச் சிறுவர்களும் காலை நடைக்காரர்களும் தூண்டில் போடுபவர்களும் போய்வருகிறார்கள். முக்குளிப்பான், தாழைக்கோழி, மீன்கொத்தி மூன்றையும் ஒரே காலையில் அங்கே நான் பார்த்திருக்கிறேன். அதே காலையில் உடைந்த புட்டிகளையும், யாரோ கொண்டுவந்து போட்ட பழைய மெத்தையையும் பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

இப்போது நகராட்சி இந்த இடத்தைச் சீரமைத்துப் பொதுமக்களுக்குத் திறக்க முடிவு செய்து, வரைவுத் திட்டத்தை வெளியிட்டிருக்கிறது. கருத்துத் தெரிவிக்க 30 நாள் அவகாசம். குளத்தைச் சுற்றி நீரோரமாகவே 3 மீட்டர் அகலத்தில் சிமெண்டுக் கல் பதித்த பாதை, அதன் நெடுகிலும் விளக்குக் கம்பங்கள், தெற்கு முனையில் ஒரு விளையாட்டுத் திடல், நீருக்குள் நீளும் ஒரு பார்வை மேடை, ஒரே ஒரு நுழைவாயில் ஆகியவை வரைபடத்தில் உள்ளன. மேட்டுப் பகுதியில் பாதிக்குக் கோடு போட்டு, "புதர் அகற்றல்" என்று இரண்டே சொற்களில் எழுதியிருக்கிறார்கள்.

என் தாயாருக்கு முழங்கால் தேய்மானம். எங்கள் வீட்டு மாடியிலிருந்து குளத்து நீர் பளபளப்பது தெரியும். ஆனால் இத்தனை ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூட அதன் கரையை மிதித்ததில்லை. ஆகவே "பாதையே வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வரைபடத்தில் உள்ளபடியே எல்லாம் நடந்து முடிந்தால், அவர் கடைசியாகப் போய்ச் சேரும் நாளில் அங்கே பார்ப்பதற்கு என்ன மிஞ்சியிருக்கும் என்ற எண்ணமும் விலகவில்லை. இத்தகைய பணிகளில் அனுபவம் உள்ளவர்கள், நகராட்சியிடம் எவற்றைக் கேட்க வேண்டும், எவற்றை எதிர்க்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். பொதுவான ஆதரவோ பொதுவான எதிர்ப்போ எழுதுவதில் பயனில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

பாதைக்காரர்

இத்தகைய இடங்களில் பாதை அமைக்கும் வேலையில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. நீங்கள் விவரித்த வரைபடத்தில் என் கண்ணை முதலில் உறுத்துவது விளக்கோ சிமெண்டோ அல்ல, நீரோரமாகவே குளத்தை முழுதாகச் சுற்றிவரும் அந்தப் பாதைதான். வரைகிறவருக்கு அதைவிட எளிதான கோடு கிடையாது. குளத்தின் விளிம்பையே ஒருமுறை நகலெடுத்து வெளியே தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் கரையில் கூடு கட்டும் எந்தப் பறவைக்கும், மனிதர் வராத ஒரு கரை வேண்டும். ஒரு பக்கத்தில் ஆள் நடமாட்டம் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிக்கொள்ளும் முக்குளிப்பான், நான்கு பக்கமும் ஆள் இருந்தால் எங்கே போகும்? நாள் முழுக்க நடுநீரில் மிதந்துகொண்டிருக்கலாம், முட்டையிட முடியாது.

ஆகவே மக்கள் எங்கே போகப் போவதில்லை என்பதை முதலில் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அதைக் குறித்த பிறகுதான் அவர்கள் போகும் வழியை வரைய வேண்டும். குளத்தின் ஒரு கரை முழுவதையும், குறைந்தது மூன்றில் ஒரு பங்கையாவது, பாதையில்லாமல் விட்டுவிடலாம். மற்றக் கரைகளில் பாதை நாணலுக்குப் பின்னால் ஒதுங்கிப் போய், இரண்டு அல்லது மூன்று இடங்களில் மட்டும் நீரைத் தொட்டுத் திரும்பட்டும். நடப்பவருக்கும் அதுதான் நல்லது. எந்நேரமும் கண்ணெதிரே கிடக்கும் நீரை மூன்றாவது நிமிடத்தில் யாரும் பார்ப்பதில்லை. மறைந்து மறைந்து வெளிப்படும் நீரை ஒவ்வொரு முறையும் நின்று பார்ப்பார்கள்.

இப்போது வேலியின் ஓட்டைகள் வழியாக மக்கள் நுழைந்து தங்கள் இஷ்டத்துக்கு நடக்கிறார்கள் என்றீர்கள். பாதை போடாமல் விட்டால் இடம் பிழைத்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். தரைச்செடிகள் மிதிபடும்போது சேதம் சீராக ஏறுவதில்லை; முதல் சில நூறு காலடிகளிலேயே பெரும்பங்கு நடந்துவிடும், அதன்பின் ஆயிரம் பேர் நடந்தாலும் கூடுதலாகச் சேரும் சேதம் சிறிது. நூறு பேர் நூறு வழியில் நடப்பதுதான் நிலத்துக்குக் கேடு. ஆயிரம் பேர் ஒரே வழியில் நடந்தால் அந்த ஒரு வழியோடு போய்விடும். நல்ல பாதை மக்களை உள்ளே அழைக்கும் வேலையோடு மற்ற நிலத்தைக் காக்கும் வேலையையும் செய்கிறது.

பெர்லினில் இதற்கு நான் நேரில் கண்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டெம்பல்ஹோஃப் சரக்கு ரயில் நிலையம் 1950களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டு, தண்டவாளங்களுக்கு நடுவே காடு தானாக வளர்ந்தது. ஏறத்தாழ 18 ஹெக்டேர் கொண்ட அந்த இடம், ஷோனபர்கர் சூட்கெலண்ட் என்ற பெயரில் 2000ஆம் ஆண்டு மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் மிகவும் பாதுகாக்கப்பட்ட பகுதியில் தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் இரும்புச் சல்லடை நடைபாதை ஒன்றைப் பழைய தண்டவாளங்களின் மேலேயே கொண்டுபோயிருக்கிறார்கள். அதைவிட்டு இறங்கக் கூடாது என்று விதி. ஆனால் அந்த விதியைப் பலகை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இருக்கவில்லை. உயரமே அதைச் சொல்லிவிடுகிறது. வெயிலும் மழையும் சல்லடையின் ஊடே கீழே இறங்குவதால் பாதைக்கு அடியிலும் செடி இருந்தது. என் செருப்புக்கு ஒரு சாண் கீழே ஒரு பல்லி வெயில் காய்ந்துகொண்டிருந்ததை இன்னும் மறக்கவில்லை.

மரங்களைப் பற்றி ஒன்று. வேர் ஆணிபோல நேராகக் கீழே இறங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உணவும் நீரும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் 60 சென்டிமீட்டருக்குள்தான் பரந்து கிடக்கின்றன. கட்டுமானத்தின்போது மரத்தைக் காக்கப் பிரிட்டிஷ் தரநிர்ணயம் சொல்லும் கணக்கு எளிது: தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து 12 ஆல் பெருக்கினால், அந்த ஆரத்துக்குள் தோண்டக் கூடாது. அரை மீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு 6 மீட்டர். அந்த வட்டத்துக்குள் பாதை போயே தீர வேண்டும் என்றால், தோண்டாமல், தேன்கூடு போன்ற பிளாஸ்டிக் அறைகளை நிலத்தின் மேல் விரித்து, அதற்குள் உடைகல்லை நிரப்பி மேலேற்றும் முறை இருக்கிறது. வரைபடத்தில் மரங்கள் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா, அல்லது பச்சை மேகமாகப் பூசப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மேகமாக இருந்தால் யாரும் அளக்கவில்லை என்று பொருள்.

"புதர் அகற்றல்" என்ற இரண்டு சொற்களைத்தான் நீங்கள் அதிகம் அஞ்ச வேண்டும். ஒப்பந்ததாரரின் கையில் அது ஒரு இயந்திரத்துக்கு ஒரு நாள் வேலை. எந்தப் புதர், எந்தச் சதுரம், எந்த மாதம், எதற்காக என்று நான்கு கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள். நுழைவாயிலருகே பார்வை தெளிவாக இருக்கச் சிறிது வெட்டுவது நியாயம். பரவி எல்லாவற்றையும் மூடும் அயல் இனம் ஏதேனும் இருந்தால் அதைக் களைவதும் நியாயம். கூடு கட்டும் பருவத்தில் எதையும் வெட்டக் கூடாது. பட்டுப்போன மரத்தையும் கிடைமரத்தையும் குப்பையாக எண்ணி அகற்றிவிடுவார்கள்; பின்லாந்தின் காட்டுயிர் இனங்களில் ஏறத்தாழ கால்பங்கு பட்ட மரத்தை நம்பியே வாழ்கிறது. பாதையின் மேல் விழக்கூடிய கிளையை மட்டும் வெட்டிவிட்டு, மரத்தை அங்கேயே கிடத்தச் சொல்லுங்கள்.

மூன்றாம்சக்கரம்

பாதைக்காரர் ஐயா எழுதியதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் இந்த உரையாடல் வழக்கமாக எந்தத் திசையில் நகரும் என்பதை அறிந்தவன் என்பதால் இப்போதே குறுக்கிடுகிறேன். நான் பத்தொன்பது ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். இயற்கையைக் காக்க வேண்டும் என்று யாரேனும் தொடங்கினால், அந்த வாக்கியம் முடியும் இடத்தில் எனக்கான பாதை மெலிந்திருக்கும். "கரடுமுரடாக இருப்பதுதான் அழகு" என்பார்கள். அவர்கள் கால் அந்த அழகைத் தாங்கும்.

நாணல்புதர் அவர்களே, உங்கள் தாயாரின் பொருட்டு இவற்றைக் கேளுங்கள். அகலம் 3 மீட்டர் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்க 1.8 மீட்டர் போதும். மிகவும் நெருக்கமான இடங்களில் 1.2 மீட்டர் வரை குறையலாம், ஆனால் இடையிடையே திரும்பிக்கொள்ள 1.5 மீட்டர் சதுரம் வேண்டும். சரிவு 20 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவைத் தாண்டாமல் இருந்தால் அதைச் சமதளமாகவே எண்ணலாம். 12க்கு 1 என்பது கட்டடச் சாய்தளத்துக்கான உச்சவரம்பு; அதைக் காட்டுப்பாதையில் நூறு மீட்டருக்கு நீட்டிவிட்டு "விதிப்படிதான் செய்தோம்" என்று சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். பக்கவாட்டுச் சாய்வைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. மழைநீர் வடிவதற்காகப் பாதையை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டால், என் ஒரு கை மட்டும் வழிநெடுகத் தள்ள வேண்டியிருக்கும்; அந்தச் சாய்வு 50க்கு 1 என்பதற்குள் இருக்கட்டும்.

தளத்தைப் பொறுத்தவரை சிமெண்டுக் கல்தான் வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. கல்தூளை நீர் விட்டு நன்றாக இறுக்கிய தளம் போதும்; இறுக்காத சரளைக் கல்தான் எங்களுக்கு மணல்வெளி. பலகைப் பாதை என்றால் பலகைகள் நடக்கும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நெடுக்கே போட்டால் இடைவெளியில் முன்சக்கரம் சிக்கும். நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் மரப்பலகை ஓராண்டுக்குள் பாசி பிடித்து வழுக்கும் என்பதால், சொரசொரப்பான பட்டைகள் பதிக்கப்பட்டிருக்க வேண்டும். இது உங்கள் தாயாருக்கு என்னைவிடவும் முக்கியம்.

இருக்கைகளைப் பற்றியும் எழுதுங்கள். முழங்கால் தேய்ந்தவருக்குப் பாதையின் நீளத்தைவிட அடுத்த இருக்கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. நுழைவாயிலிலிருந்து முதல் நீர்முகம் வரை 50 மீட்டருக்கு ஒன்று இருந்தால் துணிந்து நடப்பார். முதுகும் கைப்பிடியும் இல்லாத பெஞ்சு அழகாக இருக்கும். அதிலிருந்து அவரால் எழுந்திருக்க முடியாது. இருக்கையின் பக்கத்தில் நாற்காலி நிறுத்த இடம் விடுங்கள், பின்னால் அல்ல.

நான் போன ஒரு பறவைக் காப்பிடத்தில், பறவை பார்க்கும் மறைவுக் குடிலுக்குப் பளிங்குபோலச் சாய்தளம் அமைத்திருந்தார்கள். மகிழ்ச்சியோடு உள்ளே போனேன். பார்க்கும் துளை, நிற்பவரின் கண் உயரத்தில் ஒரே வரிசையாக இருந்தது. என் நண்பர் வெளியே தெரிவதை எனக்கு வர்ணித்துக்கொண்டே வந்தார். உங்கள் பார்வை மேடையின் கைப்பிடிச் சுவர் எத்தனை உயரம், அது கம்பியா அடைத்த பலகையா என்று கட்டாயம் கேளுங்கள்.

நாணல்புதர்

இருவருக்கும் மிக்க நன்றி. நீரோரப் பாதை பற்றிய விளக்கம் எனக்குத் தெளிவாகிவிட்டது. இருக்கை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். விளக்குகள் பற்றி ஒரு துணைக்கேள்வி. எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் பெண்கள் பலர், விளக்கு இல்லையென்றால் மாலையில் அந்தப் பக்கமே போக முடியாது என்று உறுதியாகச் சொன்னார்கள். அவர்கள் சொல்வதில் தவறில்லை. அதேநேரம் அந்தி சாய்ந்ததும் குளத்தின் மேல் வௌவால்கள் சுற்றுவதை நான் தினமும் பார்க்கிறேன். நாய்களைப் பற்றித் திட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதையும் கேட்க வேண்டுமா?

இராக்கொக்கு

கட்டாயம் கேட்க வேண்டும். விளக்கை முதலில் பார்ப்போம். வௌவால்களில் சில இனங்கள் விளக்கில் மொய்க்கும் பூச்சிகளைத் தேடி வரும். வேறு சில இனங்கள், குறிப்பாக மெதுவாகப் பறப்பவை, ஒளி விழும் பகுதியைக் கடக்கவே மாட்டா. மரவரிசைக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு விளக்கு வரிசை நின்றால் அவற்றுக்கு அது சுவர்தான். குளம் இருக்கும், பூச்சி இருக்கும், வௌவால் மட்டும் வராது. பூச்சிகளின் நிலையும் மோசம். நீரில் பிறந்து வெளியேறும் பல பூச்சிகள் விளக்கடியிலேயே சுழன்று செத்துவிழும்.

பெண்கள் கேட்பதை மறுக்க வேண்டியதில்லை. அவர்களிடம் இன்னும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: மாலையில் அவர்கள் போக நினைப்பது குளத்தைச் சுற்றியா, அல்லது குடியிருப்பிலிருந்து மறுபக்கச் சாலைக்கா? பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். அப்படியென்றால் எல்லையோரமாகப் போகும் ஒரு குறுக்குவழிக்கு மட்டும் விளக்குப் போட்டால் போதும். முழங்கால் உயரத்துக் கம்பம், மேலேயும் பக்கத்திலும் சிதறாமல் கீழ்நோக்கி மட்டும் விழும் ஒளி, 2700 கெல்வினுக்கு (ஒளியின் நிறச் சாயலைக் குறிக்கும் அளவு) மேற்படாத மஞ்சள் சாயல், இரவு குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு தானாக அணையும் அமைப்பு ஆகிய நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். குளக்கரை மாலையில் மூடப்படும் என்று அறிவித்துவிட்டால் அங்கே விளக்கே வேண்டாம். வெளிச்சம் மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது. ஆள் நடமாட்டமும், முன்னால் யார் வருகிறார் என்று தெரியும் நேரான பார்வையும் இல்லாத இடத்தில், எரியும் விளக்கு தனியாக நடப்பவரை மற்றவர்க்குக் காட்டிக்கொடுக்கவும் செய்யும்.

நாய்களைப் பற்றி எழுதினால் வசை வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவில் சிட்னியை ஒட்டிய காடுகளில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கயிற்றில் கட்டிய நாயோடு ஒருவர் நடந்துபோன பாதைகளில் பறவை இனங்களின் எண்ணிக்கை 35 சதவீதமும், மொத்தப் பறவைகளின் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைந்து காணப்பட்டன. கயிற்றில் கட்டியிருந்தும் இந்த நிலை. மனிதர் மட்டும் நடந்தபோதும் குறைந்தது. ஆனால் நாயோடு நடந்ததில் பாதியளவுகூட அது இல்லை.

லண்டனில் வால்தம்ஸ்டோ ஈரநிலத்தை உங்கள் கடிதத்தில் எடுத்துக்காட்டலாம். 211 ஹெக்டேரில் பத்து நீர்த்தேக்கங்கள். இன்றும் நகரத்துக்குக் குடிநீர் தருபவை. முன்பு தூண்டில்காரர்களும் பறவை நோக்குநர்களும் அனுமதிச்சீட்டு வாங்கித்தான் உள்ளே போக முடிந்தது. வால்தம் ஃபாரஸ்ட் உள்ளாட்சி மன்றமும் தேம்ஸ் வாட்டர் நிறுவனமும் லண்டன் வனவிலங்கு அறக்கட்டளையும் சேர்ந்து 2017 அக்டோபரில் அதை எல்லோருக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டன. மக்களுக்குக் கதவைத் திறந்த அதே திட்டத்தில், வழிகாட்டும் உதவி நாய்களைத் தவிர மற்ற நாய்களுக்கு அனுமதி இல்லை என்று வைத்தார்கள். 12 ஹெக்டேரில் முழுத்தடை சாத்தியமில்லை என்று நகராட்சி சொன்னால், பாதையில்லாத கரைப்பக்கத்துக்கும் பார்வை மேடைக்கும் மட்டுமாவது தடை கேளுங்கள். தெற்கு முனையில் திடலை ஒட்டி நாய்களுக்கு வேலியிட்ட ஓர் இடம் ஒதுக்கினால் சண்டை பாதி குறையும்.

மூன்றாம்சக்கரம் அவர்களோடு ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். எல்லாப் பாதைகளும் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை; ஆனால் படிப்பவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளக்கூடும். மேட்டுக் காட்டுக்குள் ஒற்றையடித் தடம் ஒன்று இறுக்காமலேயே இருக்கட்டும்.

மூன்றாம்சக்கரம்

இருக்கட்டும், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பாதை எனக்கு, எந்தப் பாதை உங்களுக்கு என்று பிரிக்கும்போது, மிக நல்ல காட்சி கிடைக்கும் இடம் என் பாதையில் வர வேண்டும். கழிப்பறைக்கும் வாகன நிறுத்தத்துக்கும் நடுவே இருநூறு மீட்டரை இறுக்கிவிட்டு "அனைவருக்குமான பாதை" என்று பலகை வைக்கும் வழக்கத்தைத்தான் எதிர்க்கிறேன். மீன்கொத்தி உட்காரும் கிளை எதிரே தெரியும் இடத்துக்கு என்னால் போக முடிந்தால், மேட்டுக் காட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்புக்காரர்

ஒரு நகராட்சியின் பொறியியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எந்த ஊர் என்பது வேண்டாம். மேசையின் மறுபக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நீங்கள் எல்லோரும் பாதையைப் பார்க்கிறீர்கள். நான் நீரைப் பார்ப்பேன். அந்தக் குளத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது? மழைநீர் வடிகால் ஏதேனும் அதில் விழுகிறதா? அந்த வடிகாலில் வீட்டுக் கழிவுநீரை யாரேனும் இணைத்திருக்கிறார்களா? கரையை எவ்வளவு அழகுபடுத்தினாலும் நீர் நாறினால் ஒருவரும் வரமாட்டார். வடிகால் வாயில் வண்டல் தொட்டியும், அதையடுத்து நாணல் படுகையும் திட்டத்தில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். வண்டல் தொட்டி இருந்தால் அதை அள்ள வண்டி போகும் வழியும் இருக்க வேண்டும். அந்த வழி இல்லாத தொட்டியை ஒருமுறைகூட யாரும் அள்ளமாட்டார்கள்.

மண் வெட்டிய பள்ளம் என்றீர்கள். அத்தகைய பள்ளங்களின் கரை பெரும்பாலும் செங்குத்தாக இறங்கும். ஓர் அடி வைத்தால் கணுக்கால், அடுத்த அடி வைத்தால் கழுத்து. பொறியாளருக்குத் தோன்றும் முதல் தீர்வு சுற்றிலும் உயரமான வேலி. மக்கள் நெருங்கும் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் கரையைச் சரித்து, நீருக்குள் ஆழம் குறைந்த ஒரு திட்டு அமைத்து, அதில் கோரை நடுவது மேலானது. தவறி விழுந்த குழந்தை முழங்கால் நீரில் நிற்கும். குளத்து உயிர்களில் பெரும்பாலானவை விரும்புவதும் அந்த ஆழமற்ற விளிம்பைத்தான் என்பதால், ஒரே செலவில் இரண்டு காரியம் முடியும். கரைக்குக் கல் பதிக்கிறோம் என்று சொன்னால் காரணம் கேளுங்கள். அலை அடிக்காத சிறு குளத்துக்குக் கல் கரை தேவைப்படுவது அரிது.

நுழைவாயில் ஒன்றுதான் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்தின் முதல் பத்தி அதுவாக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடையில், குறைந்தது 2 ஹெக்டேர் இயற்கை வெளி எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் நெடுங்காலமாகக் கையாளப்பட்ட ஓர் அளவுகோல். வரைபடத்தில் வட்டம் போட்டால் உங்கள் குடியிருப்பு முழுதும் அதற்குள் வந்துவிடும். ஆனால் வாயில் மறுபக்கத்தில் இருந்தால், குளத்தைப் பார்த்துக்கொண்டே வேலியைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். இப்போது வேலி அறுந்து கிடக்கும் இடங்களை ஒருநாள் போய்க் குறித்துக்கொள்ளுங்கள். மக்கள் எங்கே வாயில் கேட்கிறார்கள் என்பதற்கு அதைவிட நம்பகமான கணக்கெடுப்பு கிடையாது. அங்கே வாயில் வைக்காவிட்டால் புது வேலியையும் அறுப்பார்கள்.

அடுத்தது பணம். நகராட்சியில் கட்டுமான நிதி ஒரு கணக்கு, பராமரிப்பு நிதி இன்னொரு கணக்கு. முதலாவது சிறப்பு ஒதுக்கீட்டிலிருந்து வரும், திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் உண்டு. இரண்டாவதற்கு விழா இல்லை என்பதால் ஆண்டுதோறும் மற்றத் துறைகளோடு மல்லுக்கட்டித்தான் வாங்க வேண்டும். என் காலத்தில் நாங்களே மரத்தாலான பார்வை மேடை ஒன்றைக் கட்டி, நான்காம் ஆண்டில் பலகை உளுத்து, மாற்றப் பணமில்லாமல் வாயிலில் சங்கிலி போட்டுப் பூட்டினோம். பூட்டிய நாளில் கையெழுத்திட்டவன் நான்தான். ஆகவே "இதைக் கட்டுங்கள்" என்று கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் "இதை ஆண்டுதோறும் யார், எந்தக் கணக்கிலிருந்து பராமரிப்பார்" என்றும் கேளுங்கள். பதில் இல்லாத எதையும் கட்டாமல் விடுவதே நல்லது. ஓர் ஆள், முழுநேரமாக, அந்த இடத்துக்கென்றே நியமிக்கப்படுவது பத்து விளக்குக் கம்பங்களைவிடப் பயன் தரும். குப்பையையும் நாயையும் தனியாக நடப்பவரின் அச்சத்தையும் அந்த ஒருவரே பார்த்துக்கொள்வார்.

சட்டத் தகுதியையும் கேட்டுவையுங்கள். பிரிட்டனில் 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் உள்ளாட்சி மன்றமே தன் இடத்தை உள்ளூர் இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கலாம். ஸ்காட்லாந்தின் அபர்லேடி விரிகுடா 1952இல் முதலாவதாக அறிவிக்கப்பட்டது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் எந்தப் பிரிவு பொருந்தும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். வெறும் "பூங்கா" என்று கோப்பில் இருந்தால், இன்றைய விளையாட்டுத் திடல் ஐந்தாண்டில் உள்விளையாட்டு அரங்கமாகும். அதற்கு யாரும் விதி மீற வேண்டியதில்லை.

கடிதம் எழுதும் விதம் பற்றி. நூறு பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்திட்ட மனுவை நாங்கள் ஒரே கருத்தாகப் பதிவு செய்வோம். பத்துப் பேர் தனித்தனியாக, வரைபடத்தின் பக்க எண்ணைச் சுட்டி, "இந்த இடத்தில் பாதையை இத்தனை மீட்டர் வடக்கே நகர்த்த வேண்டும், காரணம் இது" என்று எழுதினால் பத்துக்கும் பதில் எழுதியாக வேண்டும். சிங்கப்பூரின் சுங்கை பூலோ என்ற ஈரநிலத்தை 1986இல் கவனித்தவர்கள் சில பறவை நோக்குநர்கள்தான். அவர்கள் அமைப்பு அரசிடம் முன்மொழிவு வைத்தது. 1989இல் அந்த இடம் ஒதுக்கப்பட்டு, 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002இல் காப்பகமானது. நீங்கள் பார்த்த பறவைகளைத் தேதியோடும் இடத்தோடும் குறித்து இணைத்தால், ஒப்பந்ததாரரின் ஆய்வறிக்கை "குறிப்பிடத்தக்க உயிரினம் எதுவும் இல்லை" என்று சொல்ல முடியாது. அந்த ஆய்வு எந்த மாதத்தில், எத்தனை நாள் நடந்தது என்பதையும் கேளுங்கள். நண்பகலில் ஒரு மணிநேரம் சுற்றிவிட்டு எழுதிய ஆய்வுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நாணல்புதர்

ஐயா, உங்கள் பதிலைப் படித்த மறுநாளே அளவுநாடாவும் நகலெடுத்த வரைபடமுமாகப் போய்வந்தேன். வேலியில் அறுந்த இடங்கள் ஐந்து. அவற்றில் மூன்று, எங்கள் தெருக்கள் முடியும் முனைகளுக்கு நேர் எதிரே இருக்கின்றன. வரைபடத்தின் ஒரே வாயில் இவை எதற்கும் அருகில் இல்லை, நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிறது. மேட்டிலிருந்து நீர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும் பெரிய மரத்தின் சுற்றளவு நெஞ்சுயரத்தில் 2 மீட்டர் 20 சென்டிமீட்டர். விட்டம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் என்றால் 8.4 மீட்டர் ஆரத்துக்குள் தோண்டக் கூடாது. வரைபடத்தில் பாதையின் விளிம்பு அந்த மரத்திலிருந்து 2 மீட்டரில் போகிறது. பாதைக்காரர் ஐயா சொன்னதுபோல மரங்கள் மேகமாகத்தான் பூசப்பட்டிருக்கின்றன. அந்த மரம் அதில் இல்லவே இல்லை.

வடிகால் ஒன்றும் கண்ணில் பட்டது. கிழக்கு மூலையில் கோரைக்குள் மறைந்திருக்கும் ஒரு குழாய்; மழை பெய்து ஒரு வாரமாகியும் அதிலிருந்து சோப்பு நுரையோடு நீர் சொட்டிக்கொண்டிருந்தது. புகைப்படம் எடுத்திருக்கிறேன்.

குடியிருப்புப் பெண்களிடம் இராக்கொக்கு அவர்கள் சொன்ன கேள்வியைக் கேட்டேன். பதினான்கு பேரில் பதினொருவர் மறுபக்கப் பேருந்து நிறுத்தத்துக்குப் போகத்தான் வழி வேண்டும் என்றார்கள். அவர்களே எல்லையோரக் குறுக்குவழிக்கும் அதற்கான தாழ்ந்த விளக்குகளுக்கும் தனிக் கடிதம் எழுதுகிறார்கள். நான் வாயில்கள், பாதையில்லாமல் விட வேண்டிய வடக்குக் கரை, மரம், குழாய் ஆகிய நான்கையும் மட்டும் பக்க எண்ணோடு எழுதி அனுப்பிவிட்டேன். பதிவு எண் வந்திருக்கிறது. இருக்கைகள் பற்றிய கடிதத்தை அம்மாவே தம் கையெழுத்தில் எழுதினார். 50 மீட்டர் அதிகம், 40 போதும் என்று திருத்திக்கொண்டார். அடுத்த வாரம் உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்க்க வருவதாகத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். வந்து போனபின் இங்கே எழுதுகிறேன்.